அப்பாவை ஐஸ் ஹாக்கிக்குக் கூட்டிப்போனேன்

இந்த நாட்டில் ஒரு விளையாட்டைப் பார்க்கப் போனால் முதலில் தண்ணீரைக் கொட்ட வேண்டும். அரங்கத்தின் வாசலில் பெரிய பிளாஸ்டிக் பீப்பாய் ஒன்றை வைத்திருப்பார்கள். கையில் பாட்டிலோ பிளாஸ்கோ இருந்தால் அதைத் திறந்து அந்தப் பீப்பாயில் கவிழ்த்துவிட்டுத்தான் உள்ளே போகலாம். பாதுகாப்புக்காம். கவிழ்த்துவிட்டு நாலு எட்டு வைத்தால், அதே குழாய்த் தண்ணீரை வேறு பாட்டிலில் அடைத்து, வாங்குகிறவன் வயிறு எரியும் விலைக்கு விற்றுக்கொண்டிருப்பார்கள். போன மாசி மாதம் என் அப்பா, என் மனைவி மலர் போட்டுக் கொடுத்த சீரகத் தண்ணீர் பிளாஸ்கைக் கையில் பிடித்துக்கொண்டு அந்தப் பீப்பாய்க்கு முன்னால் நின்றார். "குடிக்கிற தண்ணிய இன்னாத்துக்குடா கொட்டச் சொல்றான்?" என்று கேட்டார். பீப்பாய் ஓரம் நின்ற பெண் பல்லெல்லாம் தெரியச் சிரித்து, ஆட்டத்தை ரசியுங்கள் என்று வாழ்த்தினாள். அப்பா பதிலுக்குக் கும்பிட்டுவிட்டுத் தண்ணீரைக் கொட்டினார்.

ஊரில் இருந்து இதைப் படிப்பவர்கள், கனடாவில் உட்கார்ந்துகொண்டு ஒரு பிளாஸ்க் தண்ணீருக்கு அழுகிறானே என்று நினைக்கலாம். தாராளமாக நினைத்துக்கொள்ளுங்கள். என்னைப் போல வெளியே வந்து மாட்டிக்கொண்டவர்களுக்குத் தெரியும், இங்கே நம்மை நோகடிப்பது பெரிய விஷயம் எதுவும் இல்லை. இந்த மாதிரி பீப்பாய்கள்தான்.

எனக்கு மயிலத்துக்குப் பக்கம். திண்டிவனத்தில் கல்லூரி, விழுப்புரத்தில் பெண் எடுத்தது. மேற்குக் கனடாவில், வருடத்தில் பாதி நாள் மூக்கு உறைந்து கிடக்கும் ஒரு நகரத்தில், லாரி உதிரிபாகக் கிடங்கு ஒன்றில் வேலை. மலர் ஒரு முதியோர் இல்லத்தில் பராமரிப்பு வேலை பார்க்கிறாள். நான் ஒரே பிள்ளை. போன வருடம் அம்மா போய்விட்ட பிறகு அப்பா தனியாகச் சமைத்து, தனியாகச் சாப்பிட்டு, நிலக்கடலை போட்ட மல்லாட்டைக் கொல்லைக்கும் வீட்டுக்குமாக மொபெட்டில் போய்வந்துகொண்டிருந்தார். ஒரு நாள் மோட்டார் கொட்டகையில் வழுக்கி விழுந்து, யாரும் வருகிற வரைக்கும் அங்கேயே கிடந்திருக்கிறார். அதைக் கேட்டதிலிருந்து எனக்குச் சோறு இறங்கவில்லை. அவர் எங்களோடு வந்து இருந்துவிட வேண்டும். எனக்கு வேண்டியதெல்லாம் அது ஒன்றுதான். எத்தனையோ தடவை கெஞ்சிய பிறகு, ஆறு மாதம் வந்து இருக்கிறேன், பிடித்தால் இருந்துவிடுகிறேன், இல்லாவிட்டால் என்னை வற்புறுத்தக் கூடாது என்று நிபந்தனை போட்டுக்கொண்டு விமானம் ஏறினார்.

வந்தவருக்கு எங்கள் வீட்டு ஜன்னல்தான் கதி. வெளியே பனி, உள்ளே ஹீட்டர். நாங்கள் இரண்டு பேரும் வேலைக்குப் போய்விட்டால் பேச்சுத் துணைக்கு ஆள் கிடையாது. நான் வீடு திரும்பும்போதெல்லாம் அந்த ஜன்னல் ஓர நாற்காலியில்தான் இருப்பார். பொழுது போச்சா என்று கேட்டால், போச்சுப்பா என்பார். பிடித்திருக்கிறதா என்று கேட்கும் துணிச்சல் எனக்கு வரவில்லை. கிடங்கில் என்னோடு வேலை பார்க்கும் டக் என்பவனிடம் இதைச் சொல்லிப் புலம்பியபோது அவன்தான் வழி சொன்னான். உன் அப்பாவுக்கு விளையாட்டு பிடிக்கும் என்றால் ஐஸ் ஹாக்கிக்குக் கூட்டிப்போ, டிவியில் பார்ப்பது வேறு, நேரில் பார்ப்பது வேறு, ஒரு தடவை அந்தக் கூட்டத்தில் உட்கார்ந்துவிட்டால் மனுஷன் இந்த ஊர்க்காரன் ஆகிவிடுவான் என்றான். நானும் நம்பினேன். அப்பாவுக்கு விளையாட்டு என்றால் உயிர்.

எங்கள் பக்கத்தில் கபடி எங்கே நடந்தாலும் அப்பா அங்கே இருப்பார். பொங்கல் கழிந்துவிட்டால் போதும். அறுப்பு முடிந்த வயலைச் சமன் பண்ணி, தண்ணீர் தெளித்து, நாலு பக்கமும் கயிறு கட்டி, மைக் செட் வைத்துவிடுவார்கள். கூட்டேரிப்பட்டு, மண்டகப்பட்டு என்று ஒரு ஊர் விடமாட்டார். சின்ன வயதில் நானும் மொபெட்டின் பின்னால் உட்கார்ந்து போயிருக்கிறேன். அந்த மைதானங்களைப் பற்றி இனிக்க இனிக்க எழுதுவேன் என்று யாரும் எதிர்பார்க்க வேண்டாம். கட்சிக்காரர்களுக்கென்று போட்ட முன்வரிசை நாற்காலிகள் கடைசி வரைக்கும் காலியாகவே கிடக்கும், சின்னப் பிள்ளைகள் புழுதியில் நிற்பார்கள். சிறப்பு விருந்தினர் வருகிற வரைக்கும் ஆட்டத்தைத் தொடங்க மாட்டார்கள். சுற்றிலும் பிராந்தி நாற்றம். அவுட் கொடுத்தது தப்பு என்று ஆரம்பித்து, எந்தத் தெருக்காரன் எந்தத் தெருக்காரனைத் தொட்டான் என்பதில் போய் முடியும். ஒரு தடவை எங்கிருந்தோ வந்த கல் என் புருவத்தைக் கிழித்தது. அந்தத் தழும்பு இன்னும் இருக்கிறது. அன்றைக்கே எனக்கு நேரில் ஆட்டம் பார்க்கும் ஆசை விட்டுப்போயிற்று.

ஆனால் அப்பா போனது ஆட்டம் பார்க்க மட்டும் இல்லை, கொடுக்கவும்தான். எங்கள் பக்கத்தில் ஒருவன் நல்ல பிடி பிடித்தாலோ, நாலு பேருக்கு நடுவில் புகுந்து பாயிண்ட் எடுத்து வந்தாலோ, பார்த்துக்கொண்டிருப்பவர் எழுந்து போய்க் கையில் இருக்கும் ரூபாய் நோட்டை அவன் பனியனில் ஊக்கால் குத்திவிடுவார். கொடுத்தவர் பேரை மைக்கில் சொல்வார்கள். பணம் இல்லாதவர் தோளில் இருக்கும் துண்டைப் போர்த்திவிடுவார். ஒரு தடவை பக்கத்து ஊர்க்காரர் ஒருவர் தன் கைக்கடிகாரத்தைக் கழற்றி ஒரு பையனுக்குக் கட்டிவிட்டதைக் கண்ணால் பார்த்திருக்கிறேன். ஊர் முழுக்க ஜெயித்த அணிக்குக் கொடுக்கும்போது, அப்பா மட்டும் தோற்றுக்கொண்டிருக்கும் அணியில் யார் நன்றாக ஆடுகிறான் என்று பார்த்து அவனுக்குக் கொடுப்பார். ஏன் என்று ஒரு தடவை கேட்டதற்கு, ஜெயிச்சவனுக்குக் கப்பு இருக்குது, இவனுக்கு நாமதான் என்றார்.

சரி, இங்கே வருவோம். டிக்கெட் விலையைச் சொன்னால் எனக்கே வெட்கமாக இருக்கிறது. அதை அப்பாவிடம் நான் சொல்லவே இல்லை. டிக்கெட்டோடு தீர்ந்ததா என்றால் அதுவும் இல்லை. கார் நிறுத்தத் தனிக் காசு, நிறுத்திய இடத்திலிருந்து பனியில் அரை மணி நடை, போனில் இருக்கும் டிக்கெட்டை மெஷினுக்குக் காட்டினால் அது ஒத்துக்கொள்ளாமல் நாலு தடவை கத்தும், பிறகு இந்தத் தண்ணீர்ப் பீப்பாய். உள்ளே தரையெல்லாம் பியர் ஊற்றிப் பிசுபிசுவென்று ஷூவைப் பிடித்து இழுக்கிறது. என் பக்கத்தில் இருந்தவன் சாஸ் ஒழுகும் ரொட்டியைத் தின்றுவிட்டு, விரல்களை ஒவ்வொன்றாக நக்கி, என் சீட்டின் கைப்பிடியிலேயே துடைத்தான். இத்தனை செலவு பண்ணி உள்ளே வந்தவர்கள் ஆட்டத்தையாவது பார்க்கிறார்களா? கண்ணுக்கு முன்னால் ஆட்டம் நடந்துகொண்டிருக்கும்போது, தலைக்கு மேலே தொங்கும் பெரிய டிவியை அண்ணாந்து பார்க்கிறார்கள். கேமரா தங்கள் பக்கம் திரும்பினால் எழுந்து ஆடுகிறார்கள். இதற்கு வீட்டிலேயே கிடக்கலாமே என்று எனக்கு எரிச்சலாக வந்தது.

அப்பாவோ குல்லாயும் மப்ளருமாக முன்னால் சாய்ந்து உட்கார்ந்து, பனித்தரையை விட்டுக் கண்ணை எடுக்கவில்லை. வந்த நாளிலிருந்து அவரை அப்படி நான் பார்த்ததில்லை. ஒரு ரப்பர் வட்டை மட்டையால் தள்ளிக்கொண்டு போய் வலைக்குள் போட வேண்டும், அவ்வளவுதான் விளையாட்டு என்று சொன்னேன். கொஞ்ச நேரத்திலேயே பிடித்துக்கொண்டார். எதிர் அணியின் கோல் கீப்பர் உடம்பெல்லாம் மெத்தையைக் கட்டிக்கொண்டு, மண்டி போட்டும் புரண்டும் வருகிற வட்டையெல்லாம் தடுத்துக்கொண்டிருந்தான். அப்பாவுக்கு அவனைப் பிடித்துப்போயிற்று. அவன் தடுக்கும்போதெல்லாம் கை தட்டினார். முன்வரிசையில் இருந்தவர்கள் திரும்பி முறைத்தார்கள். நம்ம ஊர் டீம் மற்றது, அது வெளியூர் டீம் என்று காதில் சொன்னேன். அதனால இன்னா என்றார்.

அத்தனை தடுத்தும் எங்கள் நகரத்து அணியில் ஒருவன் தன் மூன்றாவது கோலைப் போட்டுவிட்டான். இங்கே ஒரு வழக்கம் உண்டு. ஒரே ஆள் மூன்று கோல் போட்டுவிட்டால், பார்க்கிறவர்கள் எல்லோரும் தலையில் இருக்கும் தொப்பியைக் கழற்றிப் பனித்தரையில் எறிவார்கள். எறிந்தார்கள். மழையாகக் கொட்டியது. அப்பா திடுக்கிட்டுப்போய் இன்னாது இது என்று கேட்டார். நல்லா ஆடினவனுக்கு மரியாதை பண்றாங்க அப்பா, இவங்க வழக்கம் என்றேன். அப்பா முகத்தில் ஒரு வெளிச்சம் வந்தது. "அப்ப இங்கயும் குடுக்கற பழக்கம் கீது" என்றார். அவர் இருந்துவிடுவார் என்று எனக்கு அந்த நிமிஷம் நிச்சயமாகத் தோன்றியது. அந்த முகத்தை மலருக்கு வீடியோ எடுத்து அனுப்பலாம் என்று போனுக்காகப் பாக்கெட்டைத் துழாவினேன்.

நிமிர்வதற்குள் அப்பா எழுந்து நின்று, நான் வாங்கிக் கொடுத்த புதுக் கைக்கடிகாரத்தைக் கழற்றி, கண்ணாடித் தடுப்புக்கு மேலாக வீசிவிட்டார். கொல்லையில் பன்றிக்குக் கல் எறிந்து பழகிய கை. கடிகாரம் பனியில் வழுக்கிக்கொண்டு நேராகப் போய், தலையைத் தொங்கப்போட்டு நின்றிருந்த அந்த வெளியூர் கோல் கீப்பரின் காலில் முட்டியது. அவன் திடுக்கிட்டு எங்கள் பக்கம் பார்த்தான். பெரிய டிவியில் அப்பா முகம் வந்தது. அரங்கமே ஆரவாரம் செய்தது. எதிரியின் மேல் எதையோ விட்டெறிந்த கிழவனுக்காக அந்த ஆரவாரம். கையை நக்கியவன் அப்பாவின் முதுகில் ஓங்கித் தட்டி, தன் பியரை அவரிடம் நீட்டினான். தன் அன்பளிப்பைத்தான் எல்லோரும் மெச்சுகிறார்கள் என்று நினைத்துக்கொண்டு அப்பா நாலு பக்கமும் திரும்பிக் கும்பிட்டார். கீழே வேலையாட்கள் பனி அள்ளும் மண்வெட்டியோடு வந்து, தொப்பிகளையும் கடிகாரத்தையும் ஒன்றாகத் தள்ளிக் கறுப்புக் குப்பைப் பைகளில் அள்ளிக்கொண்டிருந்தார்கள்.

காவலாளி மிகவும் மரியாதையாகத்தான் வந்தான். எங்களை மாடிப்படிக்குக் கீழே ஒரு சின்ன அறைக்குக் கூட்டிப்போனான். அங்கே அவனுடைய மேலதிகாரி, ஒரு நடுத்தர வயதுப் பெண், உட்கார்ந்திருந்தாள். வெளியூர் வீரரை ஏன் தாக்கினார் என்று கேட்டாள். தாக்கவில்லை, அந்தக் கோல் கீப்பரின் ஆட்டம் பிடித்துப்போய்ப் பரிசு கொடுத்தார் என்றேன். எங்கள் ஊர்க் கபடி, பனியனில் குத்தும் ரூபாய் நோட்டு, எல்லாவற்றையும் எனக்குத் தெரிந்த இங்கிலீஷில் விளக்கினேன். அப்பாவும் தன் பங்குக்கு கிப்ட், கிப்ட் என்றார். அவள் பொறுமையாகக் கேட்டுவிட்டு, எதிர் அணிக்காரனைப் பிடித்துப்போனதால் அவன் மேல் கடிகாரத்தை எறிந்தார் என்று என்னை நம்பச் சொல்கிறீர்களா என்றாள். மற்றவர்கள் தொப்பி எறிந்தார்களே என்றேன். அது வேறு என்றாள். எப்படி வேறு என்று அவளுக்கும் சொல்லத் தெரியவில்லை.

பிறகு அவள் குரலைத் தாழ்த்தினாள். விதிப்படி போலீசுக்குச் சொல்ல வேண்டும். ஆனால் பெரியவருக்கு நினைவு தடுமாற்றம், மூளைக் குழப்பம் அந்த மாதிரி ஏதாவது இருந்தால் சொல்லிவிடுங்கள், நான் யாரையும் கூப்பிட மாட்டேன், கார் வரைக்கும் போக உதவி பண்ணி அனுப்பிவைக்கிறேன் என்றாள். தன் அம்மாவுக்கும் அப்படி இருந்தது என்றாள். உண்மையாகவே இரக்கப்பட்டுத்தான் சொன்னாள். அந்த இரக்கம் எனக்குப் பியர் நாற்றத்தைவிட மோசமாக இருந்தது. அதற்குள் காவலாளி ஒரு சக்கர நாற்காலியைத் தள்ளிக்கொண்டு வந்துவிட்டான்.

அப்பா என்னிடம், அந்தம்மா இன்னா சொல்லுது என்று கேட்டார். திரும்பக் கேட்டார். சொன்னேன்.

"போலீஸ் வந்தா விசா இன்னா ஆவும்?"

"தெரியல அப்பா. திரும்ப வர்றதுக்குச் சிக்கல் ஆகலாம்."

"உனுக்கு?"

என் குடியுரிமை விண்ணப்பம் அப்போது நடந்துகொண்டிருந்தது அவருக்குத் தெரியும். அப்பா எழுந்தார். அவராகவே நடந்து போய் அந்தச் சக்கர நாற்காலியில் உட்கார்ந்து, இரண்டு கைகளையும் மடியில் வைத்துக்கொண்டார். "தள்ளு" என்றார்.

தள்ளினேன். கடைகளும் கூட்டமுமாக இருந்த அரங்கத்தின் நீண்ட நடைபாதையில் எல்லோரும் ஒதுங்கி வழிவிட்டார்கள். ஒரு பெண் குனிந்து, சின்னக் குழந்தையிடம் பேசுகிற மாதிரி அப்பாவிடம் என்னவோ சொல்லி, அவர் மப்ளரைச் சரிசெய்தாள். அப்பா கழுத்தைக் கொஞ்சம் ஒரு பக்கமாகச் சாய்த்து, வாயை லேசாகத் திறந்து வைத்துக்கொண்டார். எனக்காக நடித்தார். ஐம்பது கிலோ உர மூட்டையைத் தோளில் தூக்கிப்போகிற மனுஷன். எனக்கு அருவருப்பாக இருந்தது, அவர்கள் மேல், அந்த இடத்தின் மேல், எல்லாவற்றையும்விட அந்த நாற்காலியின் கைப்பிடியைப் பிடித்துக்கொண்டிருந்த என் கைகளின் மேல். ஆட்டம் முடிவதற்கு முன்னாலேயே வந்துவிட்டதால் கார் நிறுத்துமிடத்தில் நெரிசல் இல்லை. அந்த நாளில் கிடைத்த ஒரே லாபம் அதுதான்.

வீட்டுக்கு வந்ததும் மலர் ஆவலாகக் கேட்டாள். ஆட்டம் நல்லா இருந்துச்சிம்மா என்று அப்பா சொல்லிவிட்டுப் படுக்கப் போய்விட்டார். நான்தான் அவளிடம் நடந்ததைச் சொன்னேன். அவள் அடுப்பை அணைத்துவிட்டு நின்றாள். "நான் வேலை செய்யற எடத்துல நெஜமாவே அப்பிடி ஆனவங்கள தெனம் குளிப்பாட்டிக்கினு இருக்கறேன். கல்லு மாதிரி கீற மனுசர அதுல உக்கார வெச்சி தள்ளிக்கினு வந்தீங்களா?" என்றாள். மறுநாள் கிடங்கில் டக் ஓடிவந்து, எப்படி, கொடுத்த காசுக்குத் தகுந்ததா என்று கேட்டான். ஆமாம், அப்பா ரொம்ப ரசித்தார் என்று சொல்லிவிட்டு வேலையைப் பார்த்தேன். இந்தக் கேள்வியை இப்போது யார் கேட்டாலும் நான் சொல்வது இதுதான்: போகாதீர்கள். அவர்கள் கை தட்டச் சொல்லும்போது தட்டி, எறியச் சொல்லும்போது எறியத்தான் அங்கே இடம். அதற்கு அவ்வளவு காசும் ஒரு நாளும் தண்டம்.

இரண்டு வாரம் அப்பா அதைப் பற்றி வாயே திறக்கவில்லை. ஒரு காலையில் கேப்பைக் கூழைக் குடித்துக்கொண்டிருந்தவர், டம்ளரைக் கீழே வைத்துவிட்டு, ஊருக்கு டிக்கெட் போட்டுடுப்பா என்றார். ஆறு மாதம் என்று பேசினோமே என்றேன். போலீஸ் எல்லாம் ஒன்றும் வரவில்லை, யாரும் எதுவும் எழுதிவைக்கவில்லை, நீங்கள் எத்தனை வருடம் வேண்டுமானாலும் இருக்கலாம் என்றேன். தனியாக மறுபடி விழுந்தால் யார் இருக்கிறார்கள் என்றும் கேட்டேன். அப்பாவுக்குக் கோபம் இல்லை. சாதாரணமாகத்தான் சொன்னார்.

"இங்க இருக்கணும்னா நான் புத்தி கெட்டவனா இருந்தாத்தான் உனுக்குத் தொந்தரவு இல்ல. ஒரு நாளு இருந்துட்டேன்பா. தெனம் முடியாது."

மலர் முந்தானையால் வாயைப் பொத்திக்கொண்டு உள்ளே போய்விட்டாள். வற்புறுத்தக் கூடாது என்று ஏற்கனவே பேசியிருந்தோம். டிக்கெட் போட்டேன்.

நம் ஆட்கள் பெற்றோரை அனுப்பும்போது செய்யும் ஒரு காரியம் உங்களுக்குத் தெரிந்திருக்கும். கை கால் நன்றாக இருந்தாலும் சக்கர நாற்காலி கேட்டுப் பதிவு செய்துவிடுவோம். மொழி தெரியாதவரை விமான நிலையத்தில் ஒருவர் கூடவே தள்ளிக்கொண்டு போய் வாசல் வாசலாகக் கடத்தி விமானத்தில் ஏற்றிவிடுவார் என்பதற்காக. எல்லோரும் செய்வதுதான். பழக்கதோஷத்தில் நானும் டிக்கெட் போடும்போது அப்பாவுக்கு அந்தக் கட்டத்தில் டிக் அடித்திருந்தேன். விமான நிலையத்தில் பெட்டியைப் போட்டுவிட்டுத் திரும்பினால், சீருடை போட்ட ஒரு பெண் அப்பாவின் பெயரை உடைத்து உடைத்துச் சொல்லிக்கொண்டு, நாற்காலியோடு நிற்கிறாள். அப்பா நாற்காலியைப் பார்த்தார். என்னைப் பார்க்கவில்லை. அந்தப் பெண்ணுக்கு ஒரு கும்பிடு போட்டார். தோள்பையைச் சரியாக மாட்டிக்கொண்டு, பாஸ்போர்ட்டைக் கையில் பிடித்தபடி, பயணிகள் மட்டும் போகும் கோட்டைத் தாண்டி வரிசையில் போய் நின்றுகொண்டார். பலகையில் எழுதியிருப்பது ஒன்றும் அவருக்குப் படிக்க வராது. முன்னால் நிற்பவர் நகர்ந்தால் அவரும் நகர்ந்தார். ஷூவைக் கழற்றச் சொன்னார்கள், கழற்றினார். திரும்பிப் பார்க்காமல் நேராக நடந்து உள்ளே போனார்.

நான் அந்தக் கோட்டின் ஓரத்திலேயே, காலி நாற்காலியின் கைப்பிடியைப் பிடித்துக்கொண்டு நின்றிருக்கிறேன். எப்போது பிடித்தேன் என்று நினைவில்லை. எனக்குப் பின்னால் வரிசை நின்றுவிட்டது. அந்தப் பெண் என் தோளைத் தொட்டு, சார், நீங்கள் போகிறீர்களா, இருக்கிறீர்களா என்று கேட்டாள். வழியை விடச் சொல்லித்தான் கேட்டாள். "ஒரு நிமிஷம்மா" என்று அவளிடம் தமிழில் சொன்னேன்.